பாவடி மேடையில் நான் தலையாட்டிய காலை

மைக்கின் முன்னால் போய் நின்றேன். வேப்பமரக் கிளையில் கட்டியிருந்த குழாயிலிருந்து புஸ், புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. மைக் செட்டுக்காரர் ஓடிப்போய் வயரை அசைத்துப் பார்த்தார். வயரில் ஒரு கோளாறும் இல்லை. அது என் மூச்சு.

என் மூச்சு தெரு முழுக்கக் கேட்கிறது என்று தெரிந்ததும் அதை அடக்கினேன். அடக்கினால் நெஞ்சு முட்டியது. விட்டால் மறுபடியும் புஸ். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். 

வெயில் ஏறத் தொடங்கிய நேரம். எதிரே ஐந்நூறு தலைகள் இருக்கும் என்று தோன்றியது. பிறகு விசாரித்தால் நூறு பேருக்கு மேல் இல்லை என்றார்கள். பயந்தவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

பக்கத்தில் நாற்காலி போட்டுத் திருநெல்வேலியிலிருந்து வந்த அதிகாரி உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு ஃபைல். பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். "சொல்லுங்க" என்றார். என் வலது கால் தானாக ஒருமுறை மேடைப் பலகையை அமுக்கியது. அடுத்து இடது கால். மறுபடி வலது.

நான் தறிக்காரன். காலுக்கு என்ன தெரியுமோ அதை அது செய்தது.

எந்த இடத்துக்காக அந்தப் பாடு

இந்தத் தொடரைப் படிக்கிற கடையநல்லூர் வாசகர் ஒருவர், "ஐயா, நீங்கள் பிறவிப் பேச்சாளரோ?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தை என் வீட்டுக்காரி கோமதியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அரைமணி நேரம் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் காரணம் சொல்லத்தான் இந்த வாரம்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்தாறோ இருபத்தேழோ வயது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்குப் பின்னால் நீளமாக ஒரு வெட்டவெளி இருந்தது. பாவடி என்போம். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாட்டு நூலை, அதாவது பாவை, அதன் முழு நீளத்துக்கும் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு, புருசால் நீவி, காய வைக்கிற இடம் அது. ஒரு பாவுக்கு எட்டுப் பேராவது கை கொடுக்க வேண்டும். வெயில் உறைப்பதற்குள் முடிக்க வேண்டும். காலையில் அந்தப் பக்கம் போனாலே புளித்த கஞ்சி வாடை முகத்தில் அடிக்கும். எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது.

பாவடி சர்க்கார் புறம்போக்கு. எங்களிடம் காகிதம் கிடையாது. ஒரு பஞ்சு வியாபாரி அங்கே மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டக் குத்தகைக்கு மனுப் போட்டுவிட்டார். பாவடி போனால் பாவு இல்லை. பாவு இல்லாவிட்டால் தெருவில் ஒரு தறி ஓடாது. அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார், நெசவாளர்கள் தரப்பில் ஒரே ஒருவர் பேசலாம் என்று தாக்கல் வந்தது.

தெருக்கூட்டம் போட்டார்கள். ஆறுமுகம் அண்ணாச்சி எங்கள் தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்நிற்கிறவர். அவர் யோசிக்கவே இல்லை. சம்முகம் பேசட்டும், அவன் வாய்க்கு யாரு ஈடு என்று என்னைக் கைகாட்டி முடித்துவிட்டார்.

தரையோடு தரையாக

அண்ணாச்சி பேரில் தப்பில்லை. தறியில் உட்கார்ந்தால் என் வாய் ஓயாது. தபால்காரர் நடை, ஸ்டேஷன் மாஸ்டர் இருமல், மேலநீலிதநல்லூர்ச் சம்பந்தி வீட்டுச் சண்டை என்று சட்டசபை மாதிரி நடத்துவேன். என் பேச்சைக் கேட்கவே நாலு பேர் என் தறியடியில் வந்து குந்துவார்கள். கட்டாயம் இவன் பெரிய பேச்சாளி என்று தெரு முடிவு கட்டியிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. எங்களுடையது குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்போம். உட்கார்ந்தவன் கண்ணுக்கு வருகிறவர்களின் முழங்கால் வரைதான் தெரியும். குறுக்கு நூலைக் கொண்டு நாடா ஓடுகிற பக்கம் கவனம் இருப்பதால் நிமிர்ந்து பார்க்கவும் மாட்டோம். தெருவில் ஒவ்வொருவரையும் எனக்குக் காலை வைத்துத்தான் அடையாளம். ஆறுமுகம் அண்ணாச்சி கால் யானைக்கால் மாதிரி ஒரு பக்கம் வீங்கியிருக்கும். கோமதியின் வலது கால்விரல் மிஞ்சி கொஞ்சம் நெளிந்திருக்கும். அந்தக் கால்களைப் பார்த்துப் பேசியே பத்து வருஷம் ஓடியிருந்தது.

இன்னொன்று, தறிச் சத்தம். நூலை நெருக்குகிற பலகையை அடிக்க அடிக்கப் பேச்சு அதன் நடையிலேயே வரும். ஒவ்வொரு அடிக்கும் உடம்பு ஒருமுறை முன்னால் போகும், தலை தாழும், நிமிரும். பத்து வருஷமாக என் உடம்புக்கு ஆன பழக்கம் அது.

அப்பேர்ப்பட்டவனைத் தூக்கி மேலே நிறுத்தினார்கள். சத்தம் இல்லை. குழி இல்லை. கீழே வரிசை வரிசையாக முகங்கள். அதில் பாதி முகம் எனக்கு யாரென்றே தெரியவில்லை. எங்கள் தெருக்காரர்கள்தான், ஆனால் எனக்கு அவர்கள் கால்தானே பழக்கம். யாரோ அயலூர்க் கூட்டத்தின் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

ஆட்டிவிட்டேன்

கால் மிதிக்க ஆரம்பித்ததும் உடம்பு சேர்ந்துகொண்டது. முன்னால், பின்னால். முன்னால், பின்னால். அதிகாரி கொஞ்சம் இரக்கப்பட்டுத்தான் கேட்டார்.

"பயப்படாதீங்க. வாயால சொல்ல முடியலைன்னா பரவாயில்லை. இந்த இடத்தைக் கொடுக்கிறதுல உங்களுக்குச் சம்மதமா?"

தலை தாழ்ந்தது. நிமிர்ந்தது. தாழ்ந்தது.

"சம்மதம்தானே?" என்று இன்னொரு தடவை கேட்டார், நல்ல மனுஷர். நான் அழகாக இன்னும் மூன்று முறை ஆட்டினேன்.

அவர் எழுதினார். பேனா ஓடுகிற சத்தம் மைக்கில் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்று கத்த வாயைத் திறந்தேன். குழாயில் மறுபடி புஸ் என்றது.

தெருக்காரர்கள் ஏன் எழுந்திருக்கவில்லை என்று கேட்பீர்கள். மேடையில் நம்ம ஆள் நிற்கும்போது கீழேயிருந்து இன்னொருவன் வாய் திறப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. இவன் ஏதோ யோசிக்கிறான், இப்போ வெளுத்து வாங்கப்போறான் என்றே அத்தனை பேரும் காத்திருந்தார்களாம். அதிகாரி ஃபைலைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறின பிறகுதான் அண்ணாச்சி அந்த வீங்கின காலோடு பின்னால் ஓடினார்.

அதிகாரி ஜீப்பை நிறுத்தி, அளந்து கல் நட அடுத்த மாதம் வருவேன் என்றாராம். மாற்றிச் சொல்வதானால் அன்றைக்குச் சொல்லட்டும். ஆனால் எல்லார் முன்னிலையிலும் சம்மதம் தெரிவித்த ஆளே, எல்லார் முன்னிலையிலும் வாயைத் திறந்து வாபஸ் வாங்க வேண்டும். வேறு யார் பேசினாலும் செல்லாது.

அதைக் கேட்டதும் பாவடி போனதைவிட, மறுபடி அந்த மேடையில் ஏற வேண்டும் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. இதை எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பெயர் எனக்கு முன்னால் போனது

மறுநாளிலிருந்து எனக்குப் புதுப்பெயர், தலையாட்டி. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுப் பாவுக்குக் கை கொடுக்கப் போனால் எனக்கு ஒரு புருசைக் கொடுப்பார்கள், நான் நீவுவேன், எட்டுப் பேரில் ஏழு பேர் பேசிக்கொள்வார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தறியில் என் வாய் அடங்கிவிட்டது. தறியடியில் வந்து குந்துகிற ஆட்கள் ஒருவரும் வரவில்லை. தபால்காரர் தெருவில் நுழைந்தால் எனக்குத்தான் ஏதோ வருகிறது என்று குழிக்குள் இன்னும் குனிந்துகொள்வேன். மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தே வியாபாரத்தை முடித்துவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதிகாரிகளும் அந்த மாதிரித் துண்டைப் போட்டு விசாரித்தால் உலகத்தில் எத்தனை பேர் பிழைத்துக்கொள்வார்கள் என்று நினைப்பேன்.

ஒருநாள் ஓடியே போய்விட்டேன். கோமதியிடம் அக்காளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் புளியங்குடி பஸ்ஸில் ஏறினேன். அளவு முடிகிற வரைக்கும் அங்கேயே கிடந்துவிடலாம் என்று திட்டம். எலுமிச்சம்பழச் சந்தையில் அத்தானுக்கு வேலை. மூட்டைகளுக்கு நடுவிலிருந்து என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாரும் வே, தலையாட்டி மாப்ளே" என்றார்.

பெயர் எனக்கு முன்னால் பஸ் பிடித்துப் போயிருந்தது. அக்காள் போட்ட காப்பியைக் குடித்தேன். எலுமிச்சம்பழ வாடை தலைக்கேறியது. போன பஸ்ஸே திரும்பி வந்தது, அதிலேயே ஏறி வந்துவிட்டேன். தைரியம் வந்து திரும்பினேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடி ஒளிய ஓர் ஊர் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

கோமதி கை வைத்தாள்

திரும்பி வந்தவன் ஒத்திகை ஆரம்பித்தேன். தறியில் உட்கார்ந்து, நாடாவை ஓட்டிக்கொண்டே, அதிகாரியிடம் என்ன சொல்ல வேண்டுமோ அதைச் சொல்வேன். என்ன அருமையாக வரும் தெரியுமா! பாவை மூலையில் திருப்ப முடியாது ஐயா, அது நேராகத்தான் ஓடும் ஐயா என்று கணீரென்று வரும். நாலு நாள் இப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது.

கோமதி பக்கத்தில் நாடாவுக்குள் வைக்கிற நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ராட்டையை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, நான் அடிக்கப் போன பலகையைக் கையால் பிடித்தாள். தறி நின்றது.

"இப்பம் சொல்லுங்க" என்றாள்.

சொல்லப் போனேன். "ஐயா" என்றேன். அடுத்த சொல் வரவில்லை. தறி நின்ற வீட்டில் அத்தனை அமைதி. அடுத்த தெருவில் அம்மி அரைக்கிறது கேட்டது. கால் குழிக்குள் சும்மா மிதிக்க ஆரம்பித்தது.

அவள் கேலி பண்ணுவாள் என்று எதிர்பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேலி பண்ணுவதுதானே அவளுக்குத் தொழில். அன்று அவள் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பலகையை விட்டாள். அவள் கண்ணில் பயம் இருந்தது. இத்தனை நாள் நான் ஒருவன்தான் பயந்துகொண்டிருந்தேன், இப்போது இவளும்.

அதற்குப் பிறகு ஒத்திகையை விட்டுவிட்டேன்.

அதே பலகை

அந்த நாள் வந்தது. அதே வேப்பமரம், அதே குழாய், அதே மைக் செட்டுக்காரர். பாவடி ஓரத்தில் அளவுச் சங்கிலியும் நடுகிற கல்லும் வந்து இறங்கியிருந்தன. பஞ்சு வியாபாரி வெள்ளை வேட்டியில் அதிகாரிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். இன்னொரு தடவை ஆட்டு மக்கா என்கிற சிரிப்பு.

அண்ணாச்சி என்னை மேடை வரை கூட்டி வந்தார். மேடையடியில் என் தோளில் கையை வைத்தார். "ஏலே சம்முகம், உன்னைத் தப்பாச் சொல்ல மாட்டேன். உன்னை ஏத்தினது நாந்தான்" என்றார். அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

ஏறினேன். மைக்கில் புஸ் என்றது. எதிரே முகங்கள். எல்லாம் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தன. வலது கால் அமுக்கியது. இடது கால் அமுக்கியது. அடுத்து உடம்பு, அதற்கு அடுத்து தலை என்று எனக்குத் தெரியும். வருவதை நிறுத்த வழி தெரியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. விழுந்துவிடக் கூடாதே என்று பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கால் இரண்டும் மேடைக்கு வெளியே தொங்கின.

கூட்டம் சிரித்தது. மைக் செட்டுக்காரர் மைக்கைத் தாழ்த்த ஓடி வந்தார். நான் தலையைக் குனிந்திருந்தேன். நிமிர்ந்து யார் முகத்தைப் பார்ப்பது?

குனிந்த கண்ணுக்குக் கீழே கால்கள் தெரிந்தன.

விரல் இடுக்கில் கஞ்சி காய்ந்து வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்த கால்கள். அண்ணாச்சியின் வீங்கின கால். அடுத்த வீட்டுக்காரரின் நகம் பெயர்ந்த கட்டைவிரல். ஓரமாக, மிஞ்சி நெளிந்த ஒரு கால். அத்தனையும் எனக்குத் தெரிந்தவை. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

மைக்கைக் கையால் விலக்கினேன். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டைக்கு அது எதற்கு? அந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டே கத்தினேன்.

"ஐயா, அன்னைக்கு நான் ஆட்டினது சம்மதம் இல்ல. பயம்."

சிரிப்பு நின்றது. பிறகு வந்தது பாருங்கள் பேச்சு. ஒழுங்காக வந்தது என்று சொல்ல மாட்டேன். பாவைத் தெருவில் விரித்தால் ஒரு கோழி குறுக்கே ஓடினாலும் அறுந்துபோகும் என்றேன். அத்தனை நீளத்துக்கு வீடு கட்டியவன் இந்த ஊரில் யாருமில்லை என்றேன். கஞ்சி ஈரத்தோடு மடக்கினால் நூலெல்லாம் ஒட்டிக் கட்டையாகிப்போகும் என்றேன். வியாபாரி பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, நீங்க பஞ்சைக் கொண்டாந்து இங்கன அடுக்கிருவிய. அது நூலாகி எங்ககிட்ட வந்தா, நாங்க எங்கன விரிக்க?" என்றேன். அவர் சிரிப்பை மடித்து வைத்துவிட்டார். சொன்னதையே இரண்டு முறை சொன்னேன். நடுவில் குரல் உடைந்து அழுதேன். பயம் ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை, பயந்துகொண்டேதான் பேசினேன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்ப, முன்னால தெரிவிச்ச சம்மதத்தை வாபஸ் வாங்குறீங்களா?"

தெருவே என் தலையைப் பார்த்தது. வாங்குகிறேன் என்பதற்கும் ஆட்டத்தான் வேண்டும், ஆனால் எனக்கு அதை ஆட்ட விருப்பமில்லை. அதன் யோக்கியதை எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து இறுக்கிக்கொண்டேன்.

"வாங்குதேன்" என்றேன். பல் இடுக்கு வழியாக வந்தாலும் கடைசி வரிசை வரை கேட்டது.

மிச்சம்

கல் நடவில்லை. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்துப் பாவடி நெசவாளர் உபயோகத்துக்கே என்று உத்தரவு வந்தது. வியாபாரி ரயிலடிப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டார், நன்றாகவே இருந்தார்.

அதன் பிறகு எத்தனையோ மேடை ஏறியாயிற்று. எல்லா மேடையிலும் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டுத்தான் பேசுவேன். எளிமையானவர், ஜனங்களோடு ஜனங்களாக உட்காருகிறவர் என்று பத்திரிகையில்கூட எழுதினார்கள். நின்றால் என் கதி என்னவாகும் என்று அவர்களுக்குத் தெரியாது. மேடை ஏறுவதற்கு முன்னால் வருகிற பயம் இந்த வயதிலும் போகவில்லை. அந்தக் கடையநல்லூர் வாசகருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: பயம் போகட்டும், பிறகு பேசலாம் என்று நான் காத்திருந்தால் இன்னும் அந்த மேடையடியிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

இன்னொன்று. அன்றிலிருந்து யார் என்ன கேட்டாலும் நான் தலையை ஆட்டுவதில்லை. சோறு போடட்டுமா என்று கோமதி கேட்டால்கூட "போடு" என்று வாயால்தான் சொல்வேன்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு அவள்தான் என்னை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டி வந்தாள். எனக்கு நடக்கவே முடியவில்லை. தொடை இரண்டும் வலித்தன. ஒரு நாள் முழுக்கத் தறியில் இருந்த மாதிரி வலி. ஏன் இப்படி வலிக்குது என்று அவளிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? தொடங்கினதுலருந்து முடிக்குத வரைக்கும் உங்க காலு அந்தரத்துல மிதிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

பாவடியில் அடுத்த வீட்டுக்காரர் பாவை விரிக்க ஆரம்பித்திருந்தார். அதைத் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஒரு மாதத்துக்குப் பிறகு பழைய கேலிச் சிரிப்போடு.

"ஒரு முழம் நெய்திருப்பிய."